சிவக்காத சாக்கு

சாக்கு சிவக்கவில்லை. அன்று காலை அமுதவல்லியின் கண்ணில் பட்ட முதல் கோளாறு அதுதான். கண்ணில் பட்டது மனசில் ஏற அவளுக்கு அரை நாள் ஆயிற்று.

ஏரியூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, மல்பெரித் தோட்டத்தின் நடுவில் அவர்கள் வீடு. வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளிப் புழுக் கொட்டாய். பட்டுப்புழு வளர்க்கிற இடத்துக்குள் வெளியாள் வரக் கூடாது, வீட்டாள் போனாலும் பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது எல்லாக் கொட்டாய்க்கும் உள்ள சட்டம். இவர்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு. வெளியே வருகிற படியில், மஞ்சள் தண்ணீரில் முக்கிய கோணிச் சாக்கு ஒன்று விரித்திருக்கும். உள்ளே தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அதை மிதித்த கால் மஞ்சளில் பட்டதும் சாக்கில் ஆலத்தித் தண்ணீர் கொட்டினாற்போல் சிவப்பாகத் தடம் விழும். தடம் நன்றாகச் சிவந்தால் கூடு கெட்டியாகக் கட்டும் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் யார் வீட்டிலும் சிவக்கத்தான் செய்யும் என்று கல்யாணமான புதிதில் அமுதவல்லி கிண்டல் செய்வாள். கிண்டல் செய்துகொண்டே தினமும் காலையில் சாக்கை நனைத்தும் வைப்பாள்.

அன்று அவள் புருஷன் மாதவராஜ் கொட்டாயிலிருந்து இறங்கி வந்தபோது மணி ஏழிருக்கும். மார்கழிப் பனி தோட்டத்தின் மேல் இன்னும் கலையாமல் கிடந்தது. முழங்கால் வரைக்கும் அவன் கால் வெள்ளையாக இருந்தது. கையும், புருவமும், காதோரத்து மயிரும் வெள்ளை. முந்தின நாள் சாயங்காலம் புழுக்கள் நாலாவது தோல் உரிக்கப் படுத்திருந்தன, அதற்காகத் தட்டுக்குத் தட்டு சுண்ணாம்பு தூவியிருந்தான், அதனால் வெள்ளை. சாக்கில் இரண்டு காலையும் அழுத்தித் தேய்த்துவிட்டுப் படியிறங்கினான். சாக்கு மஞ்சளாகவே இருந்தது.

"களி கிண்டியிருக்கேன். சாப்புட வாங்க."

"வேணாம். பசியில்ல."

"ராத்திரியும் சாப்புடல. ஒடம்பு என்னத்துக்கு ஆவறது?"

"புழு எந்திரிக்கட்டும், அமுதா. அப்பறம் சாப்புட்டுக்கறேன்."

தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கொட்டாய்க்குள் போனான். கதவு திறந்து மூடின அந்த ஒரு நொடியில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி, சரசரவென்று, நிற்காமல். ஒன்றரை லட்சம் புழு தழை தின்னும்போது அப்படித்தான் கேட்கும். பதினோரு வருஷமாகக் கேட்ட சத்தம் என்பதால் அவள் அதைச் சட்டை செய்யாமல் வீட்டுக்குள் வந்துவிட்டாள். தோல் உரிக்கப் படுத்த புழு தின்னாது என்பதும் அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அது வாயைத் திறக்காது. தலையைத் தூக்கி, ஆடாமல் அசையாமல், வானத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி இருக்கும். அந்த நாளில் கொட்டாய் ஓசையில்லாமல் கிடக்கும்.

அமுதவல்லிக்கு வேறு உத்தியோகம் இருந்தது. பட்டுப்புழு நோய் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. புழுவைக் கொல்கிற ஒரு பூஞ்சணம் இருக்கிறது. அது பிடித்த புழு செத்து, விறைத்து, சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகிவிடும். அது கக்கும் புளிப்பில் சுண்ணாம்பின் காரம்கூட அடங்கிவிடும். சுண்ணக்கட்டி நோய் என்பார்கள். அந்தப் பூஞ்சணத்துக்குப் பங்காளிகள் உண்டு. ஒன்று மண்ணுக்குள் வண்டுப் புழுவைத் தின்று பிழைக்கிறது, இன்னொன்று வெள்ளை ஈயைப் பிடிக்கிறது. பார்க்க எல்லாம் ஒன்றுபோல வெள்ளை மாவுதான். உள்ளே மரபணுவில் நான்கே எழுத்துகளால் கோடிக்கணக்கான எழுத்து நீளத்துக்கு எழுதியிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே பிரிந்தது, எது யாரிடமிருந்து எதைத் திருடியது என்று தெரியும். அந்தப் பார்க்கிற வேலை அமுதவல்லியுடையது. நூறு பக்கம் ஒரே மாதிரி ஓடி, நூற்றியோராவது பக்கத்தில் ஒன்று மட்டும் வேறு பாதையில் திரும்புவதைப் பிடிப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு.

இந்த வருஷம் வரிசையில் அவள் தன் வீட்டுப் பூஞ்சணத்தையும் சேர்த்திருந்தாள். ஆடியில் ஒரு தட்டுப் புழு சுண்ணக்கட்டியாகப் போயிற்று. புரட்டாசியில் நான்கு தட்டு. கார்த்திகையில் பாதிக் கொட்டாய். ஒவ்வொரு தடவையும் செத்த புழுவை அவளே பொறுக்கிக் குப்பியில் போட்டு அனுப்பினாள். சொந்தக் கொட்டாய்தானே என்று கையுறைகூடப் போடவில்லை.

பதினோரு மணிக்குச் சமரீன் போன் செய்தாள். தர்மபுரிக்காரப் பெண், இப்போது கோயம்புத்தூரில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அமுதவல்லி அனுப்பும் குப்பிகளிலிருந்து எழுத்துகளைப் படித்து அனுப்புவதும், இவள் அடுக்கி அனுப்புவதைச் சரிபார்ப்பதும் அவள்தான்.

"அக்கா, உங்க கொட்டாய்ப் பூஞ்சணத்துல ஓட்டை இருக்குதுக்கா. மூணு சாம்பிள்லயும் ஒரே எடத்துல."

"ஓட்டைன்னா?"

"ரெண்டு பக்கமும் எழுத்து நல்லா ஓடி வருது. நடுவுல காணோம். பங்காளிங்க எதுலயும் அந்த எடத்துல ஒண்ணுமே கெடையாது, நேராப் போவுது. உங்களுதுல மட்டும் என்னமோ இருந்து, நீங்க வெட்டி எடுத்த மாதிரி இருக்குது."

"நான் எதையும் வெட்டலயே."

"மனுச எழுத்த எடுப்பீங்கல்ல. அந்த ஸ்டெப்ல போயிருக்குமோன்னு நெனச்சேன்."

அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். சாம்பிள் எடுத்தவர் கை பட்டிருக்கும், மூச்சு பட்டிருக்கும், தலைப்பொடுகு விழுந்திருக்கும். அதனால் எதைப் படித்தாலும் அதில் கொஞ்சம் மனுஷ எழுத்து கலந்து வரும். கையழுக்கு என்று பெயர். ஒரு வரிக் கட்டளை போட்டால் கம்ப்யூட்டரே அதையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்துவிடும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, என்ன கல் என்று யாரும் பார்ப்பதில்லை.

அமுதவல்லி எறிந்ததைத் திரும்ப எடுத்தாள்.

கோப்பு திறந்துகொள்ள நேரமானது. ஜன்னலுக்கு வெளியே பனி விலகி வெயில் சுள்ளென்று வந்திருந்தது. பின்பக்கம் எங்கோ பம்ப்செட் ஓடியது, அது நின்றதும் தூறல் சத்தம் தெரிந்தது. கொட்டாயிலிருந்து, முப்பது அடி தாண்டி, மூடின கதவு வழியாக. அவள் வானத்தைப் பார்த்தாள். பளிச்சென்றிருந்தது. அப்போதுதான் அந்த நினைவு தட்டியது. புழு படுத்திருக்கிறது. படுத்த புழு தின்னாது.

திரையில் எழுத்துகள் வந்து நின்றன. பூஞ்சணத்தின் எழுத்து ஓடி வந்தது. அப்படியே, நடுவில் ஒரு மூச்சு விடாமல், மனுஷ எழுத்தாக மாறியது. கொஞ்ச தூரம் ஓடி மறுபடி பூஞ்சணமாகவே தொடர்ந்தது. ஒட்டுப்போட்ட அடையாளம் எங்கும் இல்லை. கையழுக்கு என்றால் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். இது உள்ளே தைத்திருந்தது.

அதற்கு முன்னால் இன்னொரு துண்டும் இருந்தது. அது பட்டுப்புழுவின் எழுத்து. எந்த நேரத்தில் தின்பதை நிறுத்த வேண்டும், எந்த நேரத்தில் தோலை விட வேண்டும் என்று புழுவுக்குச் சொல்கிற பகுதி. யாரிடம் குடியிருக்கிறதோ அவர்களிடமிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்ளும் குணம் இந்தப் பூஞ்சணத்துக்கு இருந்தது. பங்காளிகள் யாருக்கும் இல்லாத குணம்.

ஆடி சாம்பிளில் மனுஷத் துண்டு தொள்ளாயிரம் எழுத்து. புரட்டாசியில் பதினோராயிரம். கார்த்திகையில் மூன்று லட்சத்துக்கும் மேல். அது ஆண்களிடம் மட்டுமே இருக்கிற பகுதியிலிருந்து வந்திருந்தது.

கார்த்திகை சாம்பிளின் அடியில் சின்னதாக இன்னொன்றும் கிடந்தது. வேறு ஆளுடைய துண்டு, ஆண் அடையாளம் இல்லாதது. சரியாகத் தொள்ளாயிரம் எழுத்து. கையுறை போடாததன் பலன், இது நிஜமாகவே கையழுக்கு என்று அதை ஒதுக்கிவிட்டு அமுதவல்லி பெரிய துண்டுக்கே திரும்பினாள்.

அவளுடைய கம்ப்யூட்டரில் 'பழையது' என்று ஒரு கோப்புறை உண்டு. அதை அவள் திறந்து நான்கு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லையென்று சேலத்துக்கு நடையாய் நடந்த காலத்தில், மாதவராஜின் ரத்தத்தில் ஒரு துண்டு பிறவியிலேயே விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னார்கள். வேறு யாராவது சொன்னால் நம்பமாட்டேன் என்று அமுதவல்லி தானே அந்த இடத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வைத்துப் பார்த்தாள். விட்டுப்போனது நிஜம்தான். பிறகு குறை என்னிடம்தான் என்று ஊருக்கெல்லாம் அவளே சொன்னாள். பங்காளி வீட்டு விசேஷங்களில் கேட்ட பேச்சையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று ராத்திரி மாதவராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். உலகத்தில் தனக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள்தான் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள், இன்றைக்கும் அதே நினைப்புத்தான்.

கோப்புறையைத் திறந்து அவனுடைய எழுத்துகளைப் பூஞ்சணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்றுபோல ஓடின. எந்த இடத்தில் மாதவராஜுக்கு விட்டுப்போயிருந்ததோ, அதே இடத்தில் பூஞ்சணத்துக்கும் விட்டுப்போயிருந்தது. அறுந்த இரண்டு ஓரமும் அதே எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். களிச் சட்டி அப்படியே மூடியிருந்தது. அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை, பசியும் இல்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஞாபகத்துக்குக் கொண்டு வந்தாள். ஐப்பசியில் ஒரு நாள் வயிறு சரியில்லை என்று அவன் சாப்பிடாமல் இருந்தான். அன்று பூராவும் கட்டிலில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தபடி இருந்தான். அடுத்த நாள் நான்கு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டான். தீபாவளி கழித்து இன்னொரு தடவை. கார்த்திகைக் கடைசியில் மூன்றாவது தடவை. ஒவ்வொன்றும் முடிந்ததும் உள்ளங்காலும் உள்ளங்கையும் தாள்தாளாக உரிந்தன. சுண்ணாம்பு அரித்துவிட்டது என்று தேங்காய் எண்ணெய் தடவினான். அவளும்தான் தடவிவிட்டாள். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு என்று ஒரு பதில் தயாராக இருந்தது.

மூன்று தடவை. இன்று நாலாவது.

மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். வெளி வராந்தாவில் சுண்ணாம்பு மூட்டை பிரித்த வாயோடு இருந்தது. காற்றுப்பட்ட சுண்ணாம்பு வீரியம் போய்விட்டிருக்கும், அதனால்தான் சாக்கு சிவக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொய்யாகிவிடும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஒரு சிட்டிகை சுண்ணாம்பைக் கையில் போட்டு, மஞ்சளைச் சேர்த்து, எச்சிலைத் தொட்டுக் குழைத்தாள். உள்ளங்கையில் ரத்தம் மாதிரி சிவந்தது.

சுண்ணாம்பு நன்றாகத்தான் இருந்தது.

"என்னாங்க."

தூறல் சத்தம் நின்றது. பிறகு கொசுவலை அடித்த கதவுக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். தழை வாசனைக்குப் பதில் உள்ளேயிருந்து ஈர மண்ணும் பழைய ரொட்டியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை வந்தது.

"கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

கதவைக் கொஞ்சம் திறந்து கையை நீட்டினான். அந்தக் கையைத் தொட்டதும் அவளுக்குச் சாம்பல் பூசணிக்காய்தான் நினைவுக்கு வந்தது. அதே குளிர்ச்சி, அதே வெள்ளை மாவு, மாவுக்கு அடியில் அதே கெட்டித் தோல். சிவக்காத மற்றக் கையில் மஞ்சளை எச்சிலால் குழைத்து அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இழுத்துத் தேய்த்தாள். இன்னொரு தடவை தேய்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம். இப்பவே."

"புழு படுத்திருக்குது, அமுதா. எப்படி உட்டுட்டு வர்றது?"

"புழு போனாப் போவட்டும்."

"நாளைக்கு எந்திரிச்சிரும். எந்திரிச்சா ஏழு நாளு. ஏழு நாளு நல்லாத் தின்னுட்டுக் கூடு கட்டிரும்."

அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே பொறுமை, அதே இழுவை. பேசும்போது அவளைப் பார்க்கவில்லை என்பதுதான் வித்தியாசம். தாடையைத் தூக்கி, கதவு நிலைக்கு மேலே எதையோ பார்த்தபடி பேசினான். தொண்டைக் குழியில் வெள்ளை படிந்திருந்தது.

"என்னப் பாத்துப் பேசுங்க."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்," என்றான் மாதவராஜ், மேலே பார்த்துக்கொண்டே.

கதவு மூடிக்கொண்டது. சத்தம் மறுபடி தொடங்கியது.

அவளுக்குப் பயமாக இருந்தது. அவனைப் பார்த்தே பயப்படுகிறோம் என்பது அதைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. அவனுடைய அண்ணன் பச்சியப்பனுக்குப் போன் போட்டாள். மினி வேன் வைத்திருக்கிறார், தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார்.

"மாமா, அவருக்கு ஒடம்பு சரியில்ல. தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போவணும். நான் கூப்புட்டா வரமாட்டேங்கறாரு, நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாரு."

"என்னம்மா பண்ணுது?"

"வந்து பாருங்க மாமா. எனக்குச் சொல்லத் தெரியல."

"கீழ எங்கயோ லாரி கவுந்து கெடக்குதாம், வண்டி நவுரல. எப்படியும் அஞ்சரைக்குள்ள வந்துர்றேன். நீ தைரியமா இரு."

அதுவரைக்கும் அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் தோன்றவில்லை. கழுத்து வலித்தது, நாள் பூரா திரையைக் குனிந்து பார்த்ததால் இருக்கும். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நேரம் கொட்டாய்ப் பக்கத்திலிருந்து வந்தது, ஒரு நேரம் தலைக்கு மேலிருந்து வந்த மாதிரி இருந்தது. மேலே சிமெண்ட் ஓட்டில் ஒரு பல்லி. அதன் பக்கத்தில் ஒரு விரிசல், விரிசல் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்த கறை. அந்தக் கறை ஆறு விரல் அகலம் இருந்தது, நடுவில் ஒரு மேடு, மேட்டைச் சுற்றி மங்கலான வளையம். இவ்வளவு விவரமாக அதை எப்போது பார்த்தோம் என்று நினைத்தபோது மணி ஐந்து இருபது ஆகியிருந்தது. கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தது மூன்றுக்கு.

மண் பாதையில் வேன் திரும்பும் சத்தம் தூரத்தில் கேட்டது. அவர் வருவதற்குள் மாதவராஜை வெளியே அழைத்து வந்துவிடலாம் என்று அமுதவல்லி எழுந்தாள். அண்ணன் முன்னால் அவன் இந்தக் கோலத்தில் நிற்பதை அவள் விரும்பவில்லை. கால் மரத்திருந்தது.

கொட்டாய்க்குள் நுழைகிற படியில் பிளீச்சிங் தொட்டி. பழக்கத்தில் கால் நனைத்தாள். கதவைத் தள்ளினாள்.

மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நீளமாக உள்ளே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மாவு மிதந்தது. இரண்டு பக்கமும் ஐந்தடுக்குத் தட்டுகள், தட்டு நிறையப் புழுக்கள், அத்தனையும் தலையைத் தூக்கியபடி. படுத்த புழு அப்படித்தான் இருக்கும். அவள் பக்கத்துத் தட்டில் ஒன்றைத் தொட்டாள். கட்டியாக இருந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும். விரலில் எடுத்தாள், காய்ந்த குச்சி மாதிரி இரண்டாக ஒடிந்தது. ஒன்றரை லட்சமும் செத்திருந்தன. இன்றோ நேற்றோ செத்தவை இல்லை.

நேற்றுச் சாயங்காலம் இவற்றுக்குத்தான் சுண்ணாம்பு தூவினான்.

தின்ன ஒரு புழுவும் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

அவன் கடைசித் தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தான். சம்மணம் போட்டு. கைகள் மடியில். தாடை மேலே. வெள்ளை.

"என்னாங்க."

கிட்டே போனாள். கண் திறந்திருந்தது. இமை மயிரில் மாவு. சட்டைப் பொத்தான் தெறித்திருந்தது. நெஞ்சின் நடுவில், தொண்டையிலிருந்து கீழே, நேராக ஒரு கோடு. வெடிப்பு. மண்பானையில் விழுகிற மாதிரி மெல்லிசான வெடிப்பு.

சத்தம் அங்கேயிருந்து வந்தது.

அவனுக்குள்ளேயிருந்து. சரசரவென்று. எதுவோ உள்ளே தின்றுகொண்டிருந்தது. அல்லது எழுந்துகொண்டிருந்தது.

வெடிப்பு ஒரு விரல் நீளம் கூடியது.

அவள் திரும்பி ஓடினாள். தட்டு ஒன்று இடித்துச் சரிந்தது. செத்த புழுக்கள் தரையில் கலகலவென்று கொட்டின. மிதித்தாள். பொடிந்தன. கதவு. படி. கால் தானாகச் சாக்கின் மேல் நின்றது, பதினோரு வருஷப் பழக்கத்தில் தானாகத் தேய்த்தது. அங்கேயே நின்றாள். மூச்சு வாங்கியது. காற்று குளிர்ச்சியாக முகத்தில் பட்டது. உயிரோடு வெளியே வந்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

வேன் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம்.

"என்னம்மா? தம்பி எங்க?"

உள்ளே போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. தரையெல்லாம் சுண்ணாம்பு, அதன் மேல்தான் ஓடி வந்தாள்.

"மாமா, எங்காலுகிட்ட பாருங்க. சாக்கு செவந்திருக்குதா?"

பச்சியப்பன் கிட்டே வந்து நின்றது கேட்டது.

"இல்லியே. மஞ்சளாத்தான் இருக்குது. ஏம்மா?" என்றார். பிறகு குரல் மாறிக் கேட்டார்: "நீ எதுக்கு மேலயே பாத்துக்கிட்டுப் பேசற?"

அமுதவல்லி அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தாள். பார்த்தாள். வேப்பமரத்தின் உச்சி தெரிந்தது. அதற்கு மேலே, வீடு திரும்பும் கொக்குகள். அதற்கும் மேலே வெறும் வானம். தலையைத் தாழ்த்த நினைத்தாள். நினைப்பு கழுத்து வரை வந்து நின்றது.

"சரி, நீ இப்படியே இரு. தம்பிய நான் போயிக் கூட்டியாறேன்."

அவர் செருப்பைக் கழற்றுவது கேட்டது. பிளீச்சிங் தொட்டியில் ஒரு கால், இன்னொரு கால். எந்தக் கொட்டாய்க்குள் போனாலும் ஒழுங்கு தவறாத மனுஷர். அமுதவல்லி வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. கதவு திறந்தது, மூடியது.

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. தூறல் சத்தம் அவளுடைய காதுக்குள் மெதுவாகத் தொடங்கியது.